என் மனைவி ஜெயித்த சீட்டுப் போட்டி

எங்கள் குவார்ட்டர்ஸில் ஃபோனில் போக்கர் ஆடாத பெண்களே கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அந்தச் செயலியின் பதிவேடு சொல்லும். எங்கள் பிளாக், எதிர் பிளாக், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு என்று எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு சீட்டாட்டக்காரி இருப்பாள். அவளிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், அரிசி ஊறப்போடணும் என்று சொல்லி உள்ளே போய்விடுவாள். தான் ஆடுகிற விஷயமே அவளுக்குத் தெரியாது.

ஆடுகிறவர்கள் நாங்கள். ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஆண்கள். நான் கடைசல் மெஷினில் இருக்கிறேன். இரும்பைக் கடைந்து, அளவுக் கருவியை எடுப்பதற்கு முன்பே விரலால் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு மயிரிழை எடுக்கணும் என்று சொல்லிவிடுவேன். எங்கள் பிரிவில், ஷாப் என்போம், எனக்கு அந்தப் பெயர் உண்டு. இப்படிப்பட்ட கெட்டிக்காரர்கள் நிறைந்த ஷாப்பில் 'மெமோ' என்று யாராவது சொன்னால் அத்தனை மெஷினும் ஒரு நிமிடம் நிற்கும்.

யாரோ ஒருவருக்கு, ஏதோ ஒரு பிரிவில், ஃபோனில் சீட்டாடியதற்காக மெமோ வந்ததாம். அந்த யாரோவை யாரும் பார்த்ததில்லை. மெமோவையும் பார்த்ததில்லை. நடத்தை விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் எதற்குக் கேட்கிறாய் என்று ஆபீசில் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அதையும் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தோம்.

எனக்கு அந்த வழியைச் சொன்னவன் கீழ் வீட்டுக்காரன். பக்கத்து மெஷினில் வேலை. ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவன், திருநின்றவூரில் மனை வாங்கிப் போட்டிருப்பவன், அதனால் எல்லா விஷயத்திலும் எங்களைவிட முன்யோசனை உள்ளவன் என்று தன்னைப் பற்றி நினைப்பவன்.

"இன்னா மச்சான், உன் பேர்லயா கணக்கு தொறக்கப் போற? மெமோ வந்தா இன்னா பண்ணுவ? தங்கச்சி ஆதார போடு. ஓ.டி.பி. உன் போனுக்குத்தான வரும்?"

எனக்குத்தான் வந்தது. எங்கள் வீடுகளில் மனைவியின் ஆதார் கணவனின் ஃபோன் எண்ணோடுதான் இணைந்திருக்கும். கேஸ் சிலிண்டர், பாங்க், ரேஷன், எல்லாவற்றுக்கும் அவள் பெயர், என் எண். ஆறு எண்களைத் தட்டினேன். ஐந்து நிமிடத்தில் என் மனைவி போக்கர் ஆட்டக்காரி ஆகிவிட்டாள். அவள் அப்போது கீழே கறிவேப்பிலை பறிக்கப் போயிருந்தாள்.

காசு கட்டி ஆடும் துணிச்சலும் எனக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஓர் இலவசப் போட்டி நடக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் சேருவார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு சிப்ஸ் கொடுப்பார்கள், காசுக்குப் பதிலாகக் கட்டுகிற, திரையில் மட்டும் இருக்கிற வில்லைகள். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. நல்ல கை, அதாவது நல்ல சீட்டுச் சேர்க்கை, இருந்தாலும் கட்டலாம், இல்லாமலே இருக்கிற மாதிரிக் கட்டி எதிராளியைப் பயமுறுத்தியும் ஓட்டலாம். சிப்ஸ் தீர்ந்தவன் வெளியே. கடைசி வரை மிஞ்சுகிற ஒருவருக்குக் கோவாவில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் நடக்கும் இறுதிப் போட்டியில் ஒரு சீட். போகவர விமானம், மூன்று நாள் தங்கல், கழுத்தில் மாட்ட ஓர் அட்டை.

அந்த அட்டைதான் என்னை மூன்று வருடம் ஆட்டி வைத்தது. எனக்கு ஐம்பதை நெருங்குகிறது. வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. ஷாப்பில் சிறந்த தொழிலாளி விருதைக்கூட மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், ஒரே சில்வர் டிபன் கேரியரை ஆளுக்கு ஓர் அடுக்காக எடுத்துக்கொண்டோம். கோவா மேஜையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சீட்டைத் தள்ளுவது போல எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கிக்கொண்டு வருவேன். மாலை நாலரை வரை மட்டும் தண்ணீர் வருகிற கீழே உள்ள பொதுக் குழாயில் இரண்டு குடம் குடிதண்ணீர் பிடித்து இரண்டு மாடி ஏற்றி வைப்பேன். ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்கு, "யூனியன் விஷயம், குரூப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொல்லி ஃபோனோடு பால்கனிக்குப் போய்விடுவேன். அதே நேரத்தில் எங்கள் பிளாக்கின் எல்லாப் பால்கனிகளிலும் ஒவ்வோர் ஆண் யூனியன் விஷயம் பேசிக்கொண்டிருப்பான். அத்தனை யூனியன் பேசியும் பத்து வருடமாக மாடிப்படி விளக்கு எரிந்ததில்லை.

பெண் பெயரில் ஆடுவதில் சில சௌகரியங்கள் இருந்தன. மேஜையில் அந்நியர்கள் 'நல்லா ஆடறீங்க சிஸ்டர்' என்று எழுதுவார்கள். 'கல்யாணம் ஆச்சா' என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லாமல் இருந்தால் பெண்ணின் நாணம் என்று எண்ணிக்கொண்டு சில பேர் நல்ல கையைக்கூடப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். ஒருமுறை ஒரே மேஜையில் மூன்று பெண்கள் சேர்ந்துவிட்டோம். அதில் ஒரு பெண், 'இன்னா மச்சான் இன்னிக்கி மட்டனா சிக்கனா' என்று எனக்கு எழுதினாள். கீழ்ப் பால்கனியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான் பத்தொன்பதாவது இடம் வரை வந்த ஒரு ஞாயிறு உண்டு. ஆடி மாதம், தொழிற்சாலை கேட் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிறு. என் கையில் இரண்டு ஜாக்கி. நடுவில் ஒரு ஜாக்கி, ஒரு ஒன்பது, ஒரு இரண்டு. சிப்ஸ் எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். அந்த நேரத்தில் மனைவி பால்கனிக் கதவருகில் வந்து நின்று ஏதோ சொன்னாள். "ம்" என்றேன். இன்னும் ஏதோ சொன்னாள். "ம், அப்புறம் பாக்கலாம்" என்றேன். எதிராளியிடம் வேறு ஏதோ கை இருந்தது, கடைசிச் சீட்டில் என்னைக் கவிழ்த்தான். கடைசியாக வந்த சீட்டு இஸ்பேடு பத்து. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த ஐந்து சீட்டையும் வரிசையாகச் சொல்வேன்.

அந்த மழைக்காலத்தில் வீட்டில் எனக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. காலைக் காபி அரை மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தது. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு அரை மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. இரண்டு மூன்று முறை சொல்லிக் காட்டினேன். அவள், "கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் சொன்னாள்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் ஜெயித்தேன்.

எப்படி ஜெயித்தேன் என்று கேட்டால் திறமை என்பேன். இணையத்தில் இதைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் இது திறமை விளையாட்டு என்றுதான் சொல்கிறார்கள். தோற்கிற நாளில் மட்டும் அது அதிர்ஷ்டம். கடைசியில் என்னோடு மிஞ்சியவனிடம் ராஜா ஜோடி இருந்தது, தோற்ற பிறகு அவனே எழுதினான். என்னிடம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாமல் எல்லாவற்றையும் தள்ளினேன். அவன் யோசித்தான், யோசித்தான், பயந்து சீட்டைப் போட்டான். அடுத்த கையில் அவன் கதை முடிந்தது. திரை முழுவதும் வண்ணக் காகிதம் பறந்தது. அதன் நடுவில் என் மனைவியின் பெயர்.

கத்த முடியாது. யூனியன் விஷயத்தில் அப்படிக் கத்துகிற மாதிரி ஒன்றும் நடப்பதில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து சத்தமில்லாமல் கத்தினேன். கீழ் வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

மறுநாள் மின்னஞ்சலில் கடிதம் வந்தது. அன்புள்ள மேடம் என்று தொடங்கி, வெற்றியாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கப் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வீடியோவில் அழைப்போம், நேரில் தோன்றிச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முடிந்தது. அதற்கு மேல் மறைக்க வழியில்லை. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நானும் இரண்டு துண்டை மடித்து, விஷயத்தைச் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மடித்த புடவையைத் தடவி நேராக்கிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை வருஷமா நான் ஆடறேன்?"

"மூணு."

"நல்லா ஆடறேனா?"

"ஜெயிச்சிருக்கியே."

"கோவாவுக்கு யார் போறது?"

"பேர் உன்னோடது. நீ உக்காரு. நான் பின்னாடி நின்னு எப்படி ஆடறதுன்னு கண்ணைக் காட்டறேன்."

"கல்யாணம் ஆனப்பவும் கோவான்னுதான் சொன்னீங்க. திருப்பதி போயிட்டு வந்தோம்." அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்ப் புடவைகளை பீரோவில் வைத்தாள்.

புதன்கிழமை வரை பாடம் எடுத்தேன். வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஜோடி என்றால் என்ன, ஒரே ஜாதிச் சீட்டு ஐந்து சேர்ந்தால் என்ன என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் வெங்காயம் நறுக்கியபடி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். எனக்கு இதற்கு ஆறு மாதம் ஆனது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"கடைசியில உங்க கையில என்ன இருந்துது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாமலா எல்லாத்தையும் வச்சீங்க?"

"அதுக்குப் பேர் பிளஃப். இருக்கற மாதிரி காட்டறது."

"பொய்."

"பொய் இல்ல. ஆட்டத்துல அது ஒரு பகுதி. முகத்துல எதுவும் தெரியக் கூடாது. அதுதான் கஷ்டம், எனக்கு அது இயல்பாவே வருது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கா? நீங்க பொய் சொல்லப் போறீங்கன்னா குடத்தைத் தூக்குவீங்க. சாதாரண நாள்ல தண்ணி இருக்கா இல்லையான்னுகூடக் கேக்க மாட்டீங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு குடமும் தளும்பும். யூனியன்ல எதுவும் நடக்கலைன்னு மூணு வருஷமா எனக்குத் தெரியும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பேச்சை மாற்ற, வீடியோவில் அழைப்பவர்கள் மறக்க முடியாத ஆட்டம் எது என்று கேட்டால் இதைச் சொல் என்று அந்த இரண்டு ஜாக்கிக் கதையை ஆரம்பித்தேன். சீட்டு சீட்டாக, இஸ்பேடு பத்து வரை சொன்னேன்.

"இது எந்த ஞாயித்துக்கிழமை?" என்றாள்.

"ஆடியில கூழ் ஊத்தினாங்களே, அன்னிக்கு."

"அவ்வளவு ஞாபகம் இருக்கா?"

"ஒவ்வொரு சீட்டும்" என்றேன் பெருமையாக. அவள் வெங்காயத்தை வாணலியில் போட்டாள்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு, கடிதத்தில் இருந்த இணைப்பை அவள் ஃபோனில் திறந்து, அதை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தோம். நான் படத்தில் விழாமல் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், பால் பாக்கெட் பை தொங்குகிற ஆணிக்குக் கீழே நின்றேன். சிக்கல் வந்தால் கையால் சைகை காட்டுவதாக ஏற்பாடு. திரையில் ஒரு சின்ன வயதுப் பெண் வந்தாள், கழுத்தில் அட்டை மாட்டியிருந்தாள்.

"வாழ்த்துகள் மேடம். ஆதாரைக் கேமராவுல காட்டுங்க. தேங்க்ஸ் மேடம். எத்தனை வருஷமா ஆடறீங்க?"

"மூணு வருஷமா."

"யார் கத்துக்கொடுத்தாங்க?"

"கீழ் வீட்டுல."

"சூப்பர் மேடம். கடைசி ஆளை ஓட்டின கையில என்ன வச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. இருக்கற மாதிரி காட்டினேன்."

அந்தப் பெண் சிரித்தாள். நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். கோவா கண்ணுக்குத் தெரிந்தது. விமானத்தில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கடைசிக் கேள்வி மேடம், ஃபார்ம்ல இருக்கு, எல்லாரையும் கேக்கறதுதான். நீங்க ஆடறதால வீட்டுல யாராவது வருத்தப்பட்டிருக்காங்களா? இல்லைன்னு போட்டுக்கறேன்."

"ஆமான்னு போடுங்க."

"மேடம்?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி ஆனா நான் ஃபோனை எடுத்துக்கிட்டுப் பால்கனிக்குப் போயிடுவேங்க. வீட்டுல வேற ஏதோ வேலைன்னு பொய் சொல்வேன். கூட இருக்கறவங்க பேசினா 'ம்'னு சொல்வேன், காதுல ஒண்ணும் விழாது. ஆடி மாசம் ஒரு நாள் அவங்க வந்து, கழுத்துல ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுது, கொஞ்சம் தொட்டுப் பாக்கறீங்களான்னு கேட்டாங்க. என் கையில ரெண்டு ஜாக்கி இருந்துது. அப்புறம் பாக்கலாம்னுட்டேன்."

நான் நீட்டிய கட்டை விரல் அப்படியே நின்றது.

"ஐயோ. இப்ப அவங்க எப்படி இருக்காங்க மேடம்?"

"நல்லாத்தான் இருக்காங்க. அம்பத்தூர் ஓ.டி. ஸ்டாப்புக்குத் தனியா பஸ் ஏறிப் போய் ஸ்கேன் எடுத்தாங்க. ரிசல்ட் வர நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் அவங்க தூங்கலை. நான் நல்லாத் தூங்கினேன். தைராய்டுதான், மாத்திரை போட்டா சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு அரை மணி நேரம் காபி குடிக்கக் கூடாது. ரெண்டு பேரும் சேந்து குடிக்கலாம்னு அவங்க எனக்கும் அப்பறம்தான் போட்டாங்க. ஏன் காபி லேட்டுன்னு நான் கோவிச்சுக்கிட்டேன்."

அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. சாமான் லிஸ்ட் சொல்வது போலச் சொன்னாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மூன்று வருடம் கண்ணாடி முன்னால் நின்று பழகியும் வராத முகம் அது.

அந்தப் பெண் ஃபார்மில் ஒரு கட்டத்தை மாற்றிக் குறித்தாள். பிறகு மெதுவாக, "நீங்க விரும்பினா கணக்கை நிரந்தரமா மூடிக்கலாம் மேடம். ஆனா மூடினா கோவா சீட் போயிடும். திரும்ப உங்க ஆதார்ல திறக்கவும் முடியாது" என்றாள்.

"மூடிடுங்க."

"ஓ.டி.பி. வரும் மேடம். அதைச் சொன்னீங்கன்னா முடிச்சிடறேன்."

என் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

ஆறு எண்கள். பத்து நிமிடம் செல்லும் என்று போட்டிருந்தது. நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலேயே நின்றிருந்தால் போதும், கணக்கு மூடியிருக்காது. சிக்னல் இல்லை என்று சைகை காட்டியிருக்கலாம். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை, அரிசி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும் ஐந்து நட்சத்திர ஓட்டலின் படியும், கழுத்தில் மாட்டுகிற அட்டையும் ஒரு நிமிடம் என் கண்ணுக்குள் வந்துபோயின. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வெளியே வந்து ஃபோனை அவள் முன்னால் நீட்டினேன்.

"யார் மேடம் அது?"

"வீட்டுக்காரர். ஓ.டி.பி. கொண்டு வந்திருக்கார்."

"ரொம்ப சப்போர்ட்டிவ் ஹஸ்பண்ட் மேடம்" என்றாள் அந்தப் பெண். மனைவி ஆறு எண்களையும் நிதானமாகப் படித்தாள்.

அழைப்பு முடிந்ததும், அந்தக் கட்டி எங்கே என்று கேட்டேன். அவள் ஃபோனைத் துடைத்து வைத்துவிட்டு, பிறகு தாலிச் சரட்டை ஒதுக்கி, கழுத்தின் வலது பக்கம் என் விரலை வைத்தாள். தடவிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இப்ப கரைஞ்சிடுச்சு" என்றாள். "அப்ப தெரிஞ்சிருக்கும்."

மறுநாள் ஷாப்பில் கீழ் வீட்டுக்காரன் மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். விஷயத்தைச் சொன்னேன், கழுத்து விஷயத்தைத் தவிர. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னா மச்சான் இப்டி பண்ட்ச்சு தங்கச்சி? கோவா வரைக்கும் வந்துகினு ஆட்டத்த உட்டுட்டு போறதா?" என்றான். எங்கள் பிளாக் ஆண்கள் மத்தியில் என் மனைவி உச்சத்தில் ஓய்வு பெற்ற வீராங்கனை ஆகிவிட்டாள். அடுத்த வருடம் சட்டம் வந்து அந்தச் செயலிகளை எல்லாம் மூடியபோது மற்ற வீராங்கனைகளும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். யாரும் அவர்களுக்குத் தகவல் சொல்லவில்லை.

அது பின்னால் நடந்தது. கணக்கு மூடிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வந்தேன், சாப்பிட்டோம். மணி இரண்டு ஆனது. கீழ்ப் பால்கனியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மனைவி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி, பேசுங்க" என்றாள்.

எந்தப் பேச்சை எடுத்தாலும் அதற்குக் கீழே அந்த நாலு நாள் இருந்தது. கீழே பொதுக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சமையலறையில் இரண்டு குடமும் காலியாக இருப்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. என் கால் தானாக எழப் பார்த்தது. அவள் அந்தக் காலைப் பார்த்தாள்.

எழவில்லை. "பயமா இருந்துதா?" என்று கேட்டேன்.

"எப்போ?"

"அந்த நாலு நாள்."

அவள் முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நாலரை மணிக்குக் குழாய் நின்றது. அன்றைக்கு எங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை.